மாடி வீட்டுக்குக் கொடுத்த கெஸ்ட் வைஃபை உண்மையிலேயே தனியாகத்தான் இருக்கிறதா? எப்படிச் சோதிப்பது?

#1 கோவைவாசி

வணக்கம். எங்கள் மாடியில் குடியிருப்பவர்களுக்கு வாடகையோடு சேர்த்து இணையமும் தருவதாகப் பேச்சு. அவர்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒரு ஸ்மார்ட் டிவி, அப்புறம் எங்கிருந்தோ வாங்கிய ஒரு ஆண்ட்ராய்டு டிவி பெட்டி. எங்கள் பக்கம் என் ஆபீஸ் லேப்டாப், அப்பாவின் வரவு செலவுக் கணக்கு இருக்கும் பழைய கம்ப்யூட்டர், பிரின்டர், குடும்பப் படங்கள் போட்டு வைத்திருக்கும் நாஸ் பெட்டி, வாசலுக்கும் பின்கட்டுக்கும் சிசிடிவி கேமரா.

நான் வாங்கிப் போட்ட ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க்கை ஆன் செய்து, தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு வைத்து அதை மட்டும் மாடிக்குக் கொடுத்திருக்கிறேன். 'லோக்கல் நெட்வொர்க்கை அணுக அனுமதி' என்ற டிக்கை எடுத்தாயிற்று. என் போனை கெஸ்டில் இணைத்து அப்பாவின் கம்ப்யூட்டருக்கு பிங் அடித்துப் பார்த்தேன், பதில் வரவில்லை. இத்தோடு நம்பிவிடலாமா? இல்லை, வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

#2 சும்மாபடிப்பவர்

பிங் போகவில்லை என்றால் கதை முடிந்தது சார். நிம்மதியாக இருங்கள்.

#3 பாக்கெட்பொறுக்கி

கதை இன்னும் தொடங்கவே இல்லை.

பிங் என்பது ஐசிஎம்பி எக்கோ, அதாவது 'இருக்கிறாயா?' என்று கேட்கும் சிறு செய்தி. விண்டோஸ் ஃபயர்வால் பல நேரங்களில் அதற்குப் பதில் சொல்லாது. உங்களுக்குப் பதில் வராதது ரூட்டர் தடுத்ததாலா, அப்பாவின் கம்ப்யூட்டர் வாய் திறக்காததாலா என்று இந்த ஒரு சோதனையை வைத்துச் சொல்லவே முடியாது. அதே பிங்கை மெயின் வைஃபையிலிருந்து அடித்துப் பாருங்கள். அங்கேயும் பதில் இல்லை என்றால், கெஸ்டில் பதில் இல்லாததற்கு எந்த அர்த்தமும் கிடையாது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். மெயின் நெட்வொர்க்கில் இருக்கும் ஒரு லேப்டாப்பில் பைத்தான் நிரல்மொழியுடன் வரும் எச்டிடிபி சர்வரை (இணையப் பக்கம் காட்டும் சிறு நிரல்) 8080 போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள கதவில், ஓட விடுங்கள். காலி ஃபோல்டர் ஒன்றில் நின்று ஓட்டுங்கள், இல்லாவிட்டால் இருக்கிற கோப்பெல்லாம் பட்டியலாகத் தெரியும். விண்டோஸ் அனுமதி கேட்டால் கொடுங்கள். இப்போது போனை மெயின் வைஃபையில் வைத்து, பிரவுசரில் அந்த லேப்டாப்பின் ஐபியையும் போர்ட்டையும் அடியுங்கள். பக்கம் திறக்க வேண்டும். திறந்த பிறகு, லேப்டாப்பில் எதையும் தொடாமல், போனை மட்டும் கெஸ்டுக்கு மாற்றி அதே முகவரியை மறுபடி அடியுங்கள். இப்போது திறக்காவிட்டால் அதுதான் சாட்சி. மாறியது ஒன்றே ஒன்றுதானே.

சோதிக்கும்போது போனில் மொபைல் டேட்டாவையும் விபிஎன்னையும் அணைத்துவிடுங்கள். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் எல்லாமே அந்தச் சுரங்கத்துக்குள் போய், தடுக்கப்பட்டது போலத் தெரியும்.

அடுத்து, வீட்டில் ஏற்கெனவே கதவைத் திறந்து வைத்திருக்கும் சாதனங்கள். நாஸில் கோப்புப் பகிர்வு 445, பிரின்டரில் 9100, 631, கேமராவில் 554, எல்லாவற்றிலும் 80, 443. கெஸ்டில் ஒரு லேப்டாப்பை இணைத்து என்மேப் (எந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்க்கும் நிரல்) ஓட்டலாம். பிங்குக்குப் பதில் வராத முகவரியையும் விடாமல் சோதிக்கும் விருப்பத்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அதுவும் பிங் கிடைக்கவில்லை, ஆள் இல்லை என்று கடந்து போய்விடும்.

முடிவில் 'ஓபன்' வந்தால் சொல்லவே வேண்டாம். 'ஃபில்டர்டு' வந்தால் நடுவில் யாரோ பாக்கெட்டை விழுங்குகிறார்கள், நமக்கு வேண்டியது அதுதான். பலரும் கோட்டை விடுவது 'குளோஸ்டு' வரும்போது. மூடியிருக்கிறதே, நல்லதுதானே என்று நினைப்பார்கள். ஆனால் அந்தச் சாதனமே 'இங்கே ஒன்றும் இல்லை, போ' என்று பதில் அனுப்பியிருக்கிறது. பாக்கெட் அங்கே போய்ச் சேர்ந்து, பதிலும் திரும்பி வந்திருக்கிறது. அப்படியானால் சுவர் இல்லை.

#4 யாழலை

பொறுக்கி அண்ணா சொன்னதில் ஒரு சின்ன சேர்க்கை. 'குளோஸ்டு' வந்தால் உடனே பதற வேண்டியதில்லை. ஓபன்டபிள்யூஆர்டி (ரூட்டரில் நாமே ஏற்றும் மென்பொருள்) போன்றவற்றில் கெஸ்ட் சோனுக்கு 'ரிஜெக்ட்' என்று வைப்பதுதான் வழக்கம். அப்போது ரூட்டரே டிசிபி ரீசெட் (இணைப்பை மறுக்கும் பதில்) அனுப்பிவிடும், என்மேப்பும் 'குளோஸ்டு' என்றே காட்டும். எது எது என்று பிரிக்க வழி இருக்கிறது. மெயின் நெட்வொர்க்கில் ஒரு சாதனமும் இல்லாத ஒரு முகவரிக்கு அதே சோதனையை ஓட்டுங்கள். ஆளே இல்லாத முகவரியிலிருந்தும் 'குளோஸ்டு' வந்தால், பதில் சொல்வது ரூட்டர். அங்கே மௌனமும், சாதனம் உள்ள முகவரியில் மட்டும் 'குளோஸ்டு'ம் வந்தால் பிரச்சினைதான்.

#5 பாக்கெட்பொறுக்கி

சரியான சேர்க்கை. எடுத்துக்கொள்கிறேன்.

#6 கோவைவாசி

இருவருக்கும் நன்றி. செய்து பார்த்தேன்.

லேப்டாப் சர்வர் மெயினில் திறந்தது, கெஸ்டில் சுற்றிக்கொண்டே இருந்து நின்றுவிட்டது. நாஸும் பிரின்டரும் கெஸ்டிலிருந்து 'ஃபில்டர்டு'. ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. ஒன்று, கெஸ்டில் சேர்ந்தாலும் போனுக்கு மெயினில் கிடைக்கும் அதே 192.168.0 வரிசை முகவரிதான் கிடைக்கிறது. இரண்டு, கெஸ்டிலிருந்து 192.168.0.1 அடித்தால் ரூட்டரின் லாகின் பக்கம் வருகிறது!

#7 பாக்கெட்பொறுக்கி

முதல் விஷயத்துக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். சில ரூட்டர்கள் கெஸ்டுக்கு வேறு வரிசை தரும், ஏசஸ் மெஷ்ஷில் (பல பெட்டிகள் சேர்ந்து தரும் வைஃபை) 192.168.101 என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். சில ரூட்டர்கள் ஒரே வரிசையில் எல்லோரையும் வைத்து, உள்ளே பிரிட்ஜ் மட்டத்தில் (எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க்காக இணைக்கும் பாலத்தில்) வடிகட்டும். ஒரே வரிசை என்பதால் பிரிவில்லை என்றும் சொல்ல முடியாது, வேறு வரிசை என்பதால் பிரிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ரூட்டரின் பிழைப்பே இரண்டு வரிசைகளுக்கு நடுவில் பாக்கெட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். தடுக்கச் சொல்லி ஒரு விதி இருந்தால்தான் தடுக்கும்.

இரண்டாவதுதான் விஷயம். கெஸ்டிலிருந்து உங்கள் சாதனங்களுக்குப் போகும் பாக்கெட் ரூட்டரைக் கடந்து போகிறது. லாகின் பக்கத்துக்குப் போகும் பாக்கெட் ரூட்டரிலேயே முடிகிறது. லினக்ஸ் ஃபயர்வாலில் இவை இரண்டும் வேறு வேறு சங்கிலிகள், ஃபார்வர்டு ஒன்று, இன்புட் ஒன்று. ஃபார்வர்டை மட்டும் அடைத்துவிட்டு இன்புட்டைத் திறந்து விடும் ரூட்டர்கள் நிறைய உண்டு. கெஸ்டுக்கு ரூட்டரிடம் வேண்டியது இரண்டே சேவை: முகவரி வாங்க டிஎச்சிபி, பெயர் தேட டிஎன்எஸ். மற்றதெல்லாம் மூடலாம். நிர்வாகப் பக்கத்தை இன்ன சாதனத்திலிருந்து மட்டும் திறக்கலாம் என்ற அமைப்பு உங்கள் ரூட்டரில் இருக்கும், தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் நிர்வாகப் பாஸ்வேர்டையாவது நீளமாக, வைஃபை பாஸ்வேர்டோடு சம்பந்தமே இல்லாததாக வையுங்கள்.

#8 கம்பிக்காரர்

நான் கேமரா, கேபிள் வேலை பார்ப்பவன். கேட்க வேண்டிய கேள்வியை யாருமே கேட்கவில்லையே. சார், கேமராப் பதிவுகளைச் சேமிக்கும் உங்கள் டிவிஆர் பெட்டியின் லேன் வயர் எங்கே போய் முடிகிறது? உங்கள் ரூட்டரிலா, இல்லை இணையக் கம்பெனிக்காரர் மாட்டிவிட்டுப் போன ஃபைபர் பெட்டியிலா?

#9 கோவைவாசி

ஃபைபர் பெட்டியில்தான் அண்ணா. அது ஹாலில் டிவிக்குப் பின்னால் இருக்கிறது, டிவிஆரும் அங்கேதான். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு வயர் மாடிப்படி அருகில் இருக்கும் என் ரூட்டரின் வேன் போர்ட்டுக்கு (இணையம் உள்ளே வரும் போர்ட்) போகிறது. ஃபைபர் பெட்டி 192.168.1.1, என் ரூட்டர் 192.168.0.1. பெட்டியின் வைஃபையை அணைத்து வைத்திருக்கிறேன்.

#10 கம்பிக்காரர்

நினைத்தேன். பத்து வீட்டுக்குப் போனால் பாதி வீட்டில் இதே மாதிரிதான் மாட்டியிருக்கும். கேமரா போடுகிறவர் வரும்போது காலியாக இருக்கும் போர்ட்டில் வயரைச் சொருகிவிட்டுப் போய்விடுவார். கெஸ்ட் வைஃபையில் போனை வைத்துக்கொண்டு டிவிஆரின் ஐபியை, அதாவது 192.168.1 என்று தொடங்கும் அந்த முகவரியை, பிரவுசரில் அடித்துப் பாருங்கள்.

#11 கோவைவாசி

திறக்கிறது. டிவிஆர் லாகின் பக்கம் அப்படியே வருகிறது. 192.168.1.1 அடித்தால் ஃபைபர் பெட்டியின் பக்கமும் வருகிறது. நாஸையும் பிரின்டரையும் தடுத்த அதே ரூட்டர் இதை எப்படி விட்டது?

#12 பாக்கெட்பொறுக்கி

கம்பிக்காரர் அண்ணாவுக்கு ஒரு கும்பிடு. கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

உங்கள் ரூட்டரின் கண்ணில் உலகம் இரண்டாகத்தான் பிரிகிறது. அதன் லேன் போர்ட்டும் மெயின் வைஃபையும் 'வீடு'. வேன் போர்ட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் 'இணையம்'. கெஸ்டுக்கான விதி என்ன? வீட்டுக்குப் போகாதே, இணையத்துக்குப் போகலாம். டிவிஆர் வேன் போர்ட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. உங்கள் ஹாலில் டிவிக்குப் பின்னால் இருந்தாலும் ரூட்டருக்கு அது இணையத்தில் இருக்கும் ஏதோ ஒரு சர்வர்தான். வீட்டின் நுழைவாயிலில் பூட்டுப் போடாமல் படுக்கையறைக்கு மட்டும் பூட்டுப் போட்டுவிட்டு, நகைப்பெட்டியைத் திண்ணையில் வைத்தது போல.

192.168 என்று தொடங்கும் முகவரிகள், 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, இவை மூன்றும் 1996இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய ஆவணத்தின்படி தனியார் முகவரிகள். பொது இணையத்தில் அவற்றுக்கு வழி கிடையாது. அதனால் கெஸ்டிலிருந்து வேன் பக்கம் போகும் தனியார் முகவரிகளை மொத்தமாகத் தடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் இதைத் தாமாகச் செய்வதில்லை. வேன் போர்ட்டுக்குக் கிடைத்த முகவரி 192.168.1.2 என்றால், அந்த வரிசை முழுவதும் பக்கத்திலேயே இருக்கிறது என்று ரூட்டிங் அட்டவணையில் எழுதிக்கொண்டு நேராக அனுப்பிவிடும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. உங்கள் ரூட்டர் எல்லோருடைய முகவரியையும் தன் வேன் முகவரியாக மாற்றித்தான் வெளியே அனுப்பும். டிவிஆரின் பதிவேட்டைத் திறந்து யார் யார் நுழையப் பார்த்தார்கள் என்று தேடினால், நீங்கள் பார்த்ததும் மாடியில் யாரோ பார்த்ததும் 192.168.1.2 என்ற ஒரே பெயரில்தான் இருக்கும்.

#13 சும்மாபடிப்பவர்

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். மாடியில் இருப்பது குடும்பம், ஹேக்கர் கூட்டம் இல்லையே. டிவிஆர் லாகின் பக்கம் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும், பாஸ்வேர்டு இருக்கிறதே. இவ்வளவு சந்தேகம் எதற்கு?

#14 பாக்கெட்பொறுக்கி

நியாயமான கேள்வி. ஆட்களின் மேல் சந்தேகம் இல்லை, அந்த டிவி பெட்டியின் மேல்தான். எங்கிருந்தோ வாங்கியது என்று அவரே எழுதியிருக்கிறார். பிள்ளைகளின் போனில் ஏறும் ஆப்கள் வேறு. அவை தாமாகவே அக்கம்பக்கத்தைத் தட்டிப் பார்க்கும்.

2016இல் மிராய் என்ற கெட்ட நிரல் பரவியது நினைவிருக்கிறதா? அது பிடித்ததில் பெரும்பங்கு கேமராக்களும் டிவிஆர்களும்தான். பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. டெல்நெட் (தொலைவிலிருந்து உள்ளே நுழையும் பழைய வழி) கதவைத் தட்டி, தொழிற்சாலையிலிருந்து வரும்போது இருந்த பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது சொச்சத்தை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். மேலும் டிவிஆர்களுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் போடுகிறவர்களை நான் பார்த்ததே இல்லை.

#15 கம்பிக்காரர்

பார்த்ததே இல்லை என்பது சரி. நாங்களே போட மாட்டோம், போட்டு ஏதாவது நின்றுபோனால் யார் பதில் சொல்வது? அட்மின் பாஸ்வேர்டாக வாடிக்கையாளரின் மொபைல் எண்ணை வைத்துக் கொடுப்பதும் தொழிலில் வழக்கம். மாடியில் இருப்பவருக்கு உங்கள் மொபைல் எண் தெரியாதா என்ன!

#16 மூன்றாம்மாடி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் தனி ரூட்டரே இல்லை. ஃபைபர் பெட்டியிலேயே இரண்டாவதாக ஒரு வைஃபை பெயர் உருவாக்கி விருந்தாளிகளுக்குக் கொடுக்கிறோம். அதுவும் கெஸ்ட்தானே?

#17 பாக்கெட்பொறுக்கி

பெயர் இரண்டு இருப்பதால் நெட்வொர்க் இரண்டாகிவிடாது. பல ஃபைபர் பெட்டிகளில் நான்கு பெயர் வரை வைத்துக்கொள்ளலாம், நான்கும் ஒரே லேனில் போய் விழும். 'எஸ்எஸ்ஐடி ஐசோலேஷன்' (எஸ்எஸ்ஐடி என்றால் வைஃபை பெயர்) என்று எங்காவது ஒரு டிக் இருக்கும், அதைத் தனியாகப் போட வேண்டும். மேலே சொன்ன லேப்டாப் சர்வர் சோதனையைச் செய்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அமைப்புகளின் பெயரையும் கவனித்துப் படியுங்கள், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொன்றை எழுதுகிறது. டிபி-லிங்க்கில் 'கெஸ்ட்கள் ஒருவரை ஒருவர் பார்க்கலாம்' என்பதும் 'லோக்கல் நெட்வொர்க்கை அணுகலாம்' என்பதும் தனித்தனி டிக். நெட்கியரில் இரண்டும் சேர்ந்து ஒரே டிக். ஏசஸில் 'ஆக்சஸ் இன்ட்ராநெட்' என்று இருக்கும். 'ஏபி ஐசோலேஷன்' என்பது இவற்றிலிருந்து வேறு, ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசுவதைத் தடுப்பது.

#18 யாழலை

அந்த ஏபி ஐசோலேஷனிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அது ஒரு ரேடியோவுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு கெஸ்ட், 5 கிகாஹெர்ட்ஸில் இன்னொரு கெஸ்ட் என்றால் இரண்டும் வேறு வேறு இன்டர்ஃபேஸ், நடுவில் பிரிட்ஜ். பிரிட்ஜ் போர்ட்டுகளையும் தனிமைப்படுத்தாவிட்டால் அந்த வழியாகச் சந்தித்துக்கொள்வார்கள். நான் வீட்டில் ஓபன்டபிள்யூஆர்டியில் 'ஐசோலேட்' மட்டும் போட்டு, இரண்டு போன்களையும் ஒரே அலைவரிசையில் வைத்துச் சோதித்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. ஒன்றை 2.4க்கு மாற்றினதும் பக்கம் திறந்தது. அதனால் சோதிக்கும்போது இரண்டு அலைவரிசையிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். மெஷ் வைத்திருப்பவர்கள் இரண்டு வேறு பெட்டிகளில் ஒட்டிக்கொண்டும் பார்க்க வேணும்.

இன்னொன்று ஐபிவி6, அதாவது புதிய இணைய முகவரி முறை; இதுவரை பார்த்த 192.168 வகை ஐபிவி4. விதியெல்லாம் ஐபிவி4க்கு எழுதி, ஐபிவி6ஐ மறந்துவிட்ட ரூட்டர்கள் இருக்கின்றன. கோவைவாசி வீட்டில் ரூட்டருக்குப் பின்னால் ரூட்டர் என்பதால் இதைக் கட்டாயம் பார்க்க வேணும். வெளிப் பெட்டிக்குக் கம்பெனி ஒரே ஒரு 64 பிட் ப்ரிஃபிக்ஸ்தான் (ஒரு நெட்வொர்க்குக்கான முகவரித் தொகுதி) கொடுத்திருந்தால் உள் ரூட்டருக்குப் பிரித்துக் கொடுக்க எதுவும் மிஞ்சாது. அப்போது சில பேர் ஐபிவி6 அமைப்பில் 'பாஸ்-த்ரூ'வைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். இணையம் வேலை செய்யும், ஆனால் ஐபிவி6 போக்குவரத்து உள் ரூட்டரின் ஃபயர்வாலைத் தொடாமலே வெளிப் பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும்.

சோதனை எளிது. கெஸ்டில் இருக்கும் போனுக்கும் மெயினில் இருக்கும் லேப்டாப்புக்கும் 2இல் தொடங்கும் ஐபிவி6 முகவரி கிடைத்திருக்கிறதா பாருங்கள். கிடைத்திருந்தால் முதல் நான்கு பகுதிகள் இரண்டிலும் ஒன்றா பாருங்கள். ஒன்றாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். அப்புறம் லேப்டாப் சர்வரை ஐபிவி6இலும் கேட்கும்படி பைண்ட் செய்து, போனின் பிரவுசரில் அந்த முகவரியைச் சதுர அடைப்புக்குள் போட்டு, பின்னால் போர்ட்டைச் சேர்த்து அடியுங்கள்.

#19 கோவைவாசி

ஐபிவி6 பார்த்தேன், என் ரூட்டரில் அது அணைந்தே இருக்கிறது. போனுக்கு எஃப்இ80இல் தொடங்கும் முகவரி மட்டும்தான்.

டிவிஆருக்கு என்ன வழி? ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டர் வேலை செய்யாமல் இணையத்தை அப்படியே கடத்திவிடும் நிலை) மாற்றித் தரச் சொல்லி கம்பெனிக்கு போன் செய்தேன், முடியாது என்றுவிட்டார்கள்.

#20 பாக்கெட்பொறுக்கி

பிரிட்ஜ் கிடைத்திருந்தால் சுத்தமாக இருந்திருக்கும். பரவாயில்லை. டிவிஆரின் வயரை ஃபைபர் பெட்டியிலிருந்து பிடுங்கி உங்கள் ரூட்டரின் லேன் போர்ட்டுக்குக் கொண்டுபோங்கள். தூரம் என்றால் ஒரு கேபிள் இழுக்க வேண்டியிருக்கும், அதைக் கம்பிக்காரர் அண்ணா சொல்லட்டும்.

சிலர் தலைகீழாகச் செய்வார்கள். ஃபைபர் பெட்டியின் வைஃபையையே கெஸ்டுக்குக் கொடுத்துவிட்டு, சொந்தச் சாதனம் எல்லாவற்றையும் உள் ரூட்டருக்குப் பின்னால் வைப்பது. வெளியிலிருந்து உள்ளே தொடங்கும் இணைப்பை உள் ரூட்டர் விடாது, அதனால் மோசமில்லை. ஆனால் உங்கள் போக்குவரத்து முழுவதும் கெஸ்ட்கள் உட்கார்ந்திருக்கும் லேன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அங்கே ஒருவர் ஏஆர்பியில் (எந்த ஐபி எந்தச் சாதனத்துடையது என்று விசாரிக்கும் முறை) பொய் சொல்லி நடுவில் புகுந்தால், உள்ளடக்கம் எச்டிடிபிஎஸ்ஸால் மூடியிருந்தாலும் எங்கே போகிறீர்கள் என்பதையாவது பார்க்கலாம். எனக்கு அது பிடிக்கவில்லை.

எதைச் செய்தாலும் உங்கள் ரூட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மட்டும் மாற்றாதீர்கள். இரண்டு ரூட்டர் எதற்கு, ஸ்பீடு குறையும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்த மோடில் முகவரி தருவதும் வழிகாட்டுவதும் வெளிப் பெட்டியின் வேலையாகிவிடும். கெஸ்ட் அமைப்பு சில மாடல்களில் மறைந்தே போகும், சிலவற்றில் பெயருக்கு மட்டும் இருக்கும்.

#21 கம்பிக்காரர்

ஹாலிலிருந்து மாடிப்படி வரை ஏற்கெனவே ஒரு கேட்-6 போகிறது இல்லையா? ரூட்டரையே ஹாலுக்குக் கொண்டுவந்து டிவிஆர் பக்கத்தில் வைத்தால் புது வயர் வேண்டாம். மாடிக்கு சிக்னல் குறையும், அது தனிப் பஞ்சாயத்து. இல்லாவிட்டால் இன்னொரு கேபிள் இழுப்பதுதான் சரி. ஒரே கேபிளின் நான்கு ஜோடியை இரண்டிரண்டாகப் பிரித்து இரண்டு இணைப்பு ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள், ஓடும், ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். இணைய இணைப்பையும் அதே கேபிளில் வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள்.

டிவிஆரில் கைமுறையாக ஐபி போட்டிருப்பார்கள். மாற்றிய பிறகு ஐபி, கேட்வே, டிஎன்எஸ் மூன்றையும் 192.168.0 வரிசைக்கு மாற்றுங்கள். மொபைல் ஆப்பில் க்யூஆர் ஸ்கேன் செய்து கம்பெனி கிளவுட் வழியாகப் பார்ப்பவர் என்றால் வேறு எதுவும் செய்ய வேண்டாம், தானாக வந்துவிடும். போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழிவிடும் விதி) போட்டுப் பார்த்தவர் என்றால் வேலை செய்யாது. அதை மறுபடி போடாமல் இருப்பதே நல்லது.

மாற்றி முடித்ததும் கெஸ்டிலிருந்து மறுபடி தட்டிப் பாருங்கள். 80, 554 மட்டும் போதாது. ஹிக்விஷன் பெட்டி என்றால் 8000, தாஹுவா என்றால் 37777.

#22 சும்மாபடிப்பவர்

சரி, ஒப்புக்கொள்கிறேன், டிவிஆர் விஷயம் நான் நினைத்ததைவிடப் பெரிது. இவ்வளவும் செய்த பிறகு கெஸ்ட் நெட்வொர்க் நூறு சதவீதம் பாதுகாப்பா? யாராவது உடைத்திருக்கிறார்களா?

#23 பாக்கெட்பொறுக்கி

உடைத்திருக்கிறார்கள், பல முறை.

டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குரூப் கீ உண்டு, பிராட்காஸ்ட் செய்திகளுக்காக. அதை வைத்து உள்ளே இருக்கும் ஒருவர், ஆக்சஸ் பாயிண்டைச் சுற்றாமல் நேராகப் பக்கத்து ஆளுக்கு பாக்கெட் அனுப்பலாம் என்று 2010இல் காட்டினார்கள். வைஃபைக்கான 802.11 தர ஆவணத்தில் அந்த வரி இருந்த பக்க எண்ணை வைத்து 'ஹோல் 196' என்று பெயர். 2019இல் இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே ரூட்டரில் இருக்கும் மெயினுக்கும் கெஸ்டுக்கும் நடுவில் ரகசியமாகத் தகவல் கசியவிட முடியும் என்று காட்டினார்கள். ஆனால் அதற்கு இரண்டு பக்கமும் ஏற்கெனவே கெட்ட நிரல் ஏறியிருக்க வேண்டும். 2023இல் ஆய்வாளர் மேத்தி வான்ஹூஃப் குழு மேக்ஸ்டீலர் என்ற கருவியை வெளியிட்டது. அதே வைஃபையில் இருக்கும் இன்னொருவரின் மேக் முகவரியை (சாதனத்தின் வன்பொருள் அடையாள எண்) திருடி, அவருக்கு வர வேண்டிய பதிலைத் தன் பக்கம் இழுக்கும், கிளையண்ட் ஐசோலேஷன் இருந்தாலும்.

கோவைவாசி வீட்டுக்கு இந்த மூன்றில் எதுவும் பொருட்டில்லை என்பது என் அபிப்பிராயம். மூன்றுக்கும் முனைந்து வேலை செய்யும் ஆள் வேண்டும். டிவிஆர் பக்கம் திறந்ததற்கு ஒரு பிரவுசர் போதுமானதாக இருந்தது. இந்த மூன்றும் உங்களை நிஜமாகவே உறுத்தும் என்றால் தனி ரூட்டர், தனி வீலேன் (ஒரே கம்பியில் பிரித்து ஓட்டும் தனி நெட்வொர்க்) என்று போக வேண்டும்.

#24 மூன்றாம்மாடி

எங்கள் பெட்டியில் அந்த ஐசோலேஷன் டிக்கைப் போட்ட பிறகும் சர்வர் திறந்தது. அந்த இரண்டாவது வைஃபையை அணைத்துவிட்டேன், விருந்தாளிகள் அவரவர் டேட்டாவைப் பயன்படுத்தட்டும்.

#25 யாழலை

அது இன்னும் பாதுகாப்பு 🙂

கோவைவாசிக்கு ஒரு வார்த்தை. இந்தச் சோதனை எல்லாம் உங்கள் சாதனங்களைத்தான் காக்கும். மாடியிலிருந்து யார் என்ன செய்தாலும் வெளியே தெரிவது உங்கள் பெயரில் இருக்கும் இணைப்பின் ஐபிதான். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் ஊடகங்களுக்குப் போன மின்னஞ்சலைத் தேடிப் போன போலீஸ், நவி மும்பையில் ஒரு அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றது. அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அதனால் மாடி வீட்டுக்காரர் நீண்ட நாள் இருப்பவர் என்றால் அவர் பெயரிலேயே ஒரு இணைப்பு எடுத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. அதுவரை கெஸ்ட் பாஸ்வேர்டை அவர்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். பாஸ்வேர்டு இல்லாமலே இணைக்கும் டபிள்யூபிஎஸ் பொத்தான் இருந்தால் அணையுங்கள்.

#26 கோவைவாசி

கேபிள் இழுத்து டிவிஆரை என் ரூட்டருக்கு மாற்றியாயிற்று. கெஸ்டிலிருந்து 80, 554, 8000 மூன்றும் 'ஃபில்டர்டு'. மெயினிலிருந்து மூன்றும் 'ஓபன்', அதையும் பார்த்துவிட்டேன். 2.4, 5 இரண்டிலும் அதே முடிவு. என் ரூட்டரின் லாகின் பக்கத்தை என் லேப்டாப்புக்கு மட்டும் என்று வைத்துவிட்டேன். ஃபைபர் பெட்டியின் 192.168.1.1 மட்டும் கெஸ்டில் இன்னும் திறக்கிறது, ஸ்டிக்கரில் இருந்த பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறேன்.

இப்போது புதுச் சிக்கல். மாடி வீட்டு அம்மா பிள்ளைகளின் புராஜெக்டுக்கு எங்கள் பிரின்டரில் பிரின்ட் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். கெஸ்டிலிருந்து பிரின்டர் தெரியாதே?

#27 பாக்கெட்பொறுக்கி

பிரின்டருக்காக அந்த 'லோக்கல் நெட்வொர்க் அனுமதி' டிக்கை மட்டும் போட்டுவிடாதீர்கள், ஒரு பிரின்டருக்காக நாஸும் டிவிஆரும் சேர்ந்து திறந்துவிடும். ஒரே ஒரு முகவரிக்கு, 9100க்கும் 631க்கும் மட்டும் வழிவிடும் விதி எழுத உங்கள் ரூட்டரில் இடமிருக்காது. வாட்ஸ்ஆப்பில் பிடிஎஃப் அனுப்பச் சொல்லி நீங்களே எடுத்துக் கொடுங்கள். ஃபைபர் பெட்டியில் 'லேன் பக்கமிருந்து நிர்வாகம்' என்பதை ஒரு முகவரிக்கு மட்டும் கட்டுப்படுத்த வழி இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் 192.168.1.2க்கு மட்டும் என்று வைத்துப் பயனில்லை, கெஸ்ட்களும் அந்த முகவரியில்தான் வருகிறார்கள். வேறொரு முகவரியை அனுமதித்து, தேவைப்படும்போது லேப்டாப்பை வயரில் நேராகப் பெட்டியில் சொருகி உள்ளே போங்கள்.

#28 கம்பிக்காரர்

கம்பெனிக்காரர் பெட்டியை மாற்றிக் கொடுத்தாலோ, ரூட்டரை ரீசெட் செய்தாலோ, ஃபர்ம்வேர் அப்டேட் ஆனாலோ கெஸ்டில் போனைப் போட்டு டிவிஆர் ஐபியை ஒரு தடவை அடித்துப் பாருங்கள் சார். கேமராக்காரர் சர்வீசுக்கு வந்து போன அன்றைக்கும் வயர் எந்தப் பெட்டியில் சொருகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.